போர் தந்த பட்டமா? சோமர்வில் கல்லூரி, 1914–1920

முதல் உலகப் போர்தான் ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது என்ற கூற்று இன்று கிட்டத்தட்ட கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களைப் பெண்கள் நிரப்பினார்கள். அதற்குக் கைம்மாறாக நாடு 1918-இல் வாக்குரிமையையும் பல்கலைக்கழகம் 1920-இல் பட்டத்தையும் அளித்தன என்று கதை செல்கிறது. கட்டுக்கோப்பான கதைதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை எல்லாம் ஒன்றால் மற்றொன்று நடந்தவை ஆகிவிடா. இந்தக் கூற்றைப் பொதுவில் வைத்து விவாதித்தால் அது எப்போதும் வெல்லும், ஏனெனில் அந்த அளவு விரிந்த தளத்தில் எதிர்ச்சான்று எதுவும் எடுபடாது. ஒரு சிறிய கல்லூரியின் ஆறு ஆண்டுகளுக்குள் வைத்து உரசிப் பார்த்தால்தான் அதன் மாற்றுத் தெரியும்.

அந்தச் சோதனைக்குச் சோமர்வில் மிகப் பொருத்தமான களம். 1879-இல் தொடங்கப்பட்டு, போருக்கு முன் ஏறத்தாழ நூறு மாணவியரோடு இயங்கிய கல்லூரி அது. மாணவியர் விரிவுரை கேட்கலாம், தேர்வு எழுதலாம், முதல் வகுப்பிலும் தேறலாம், ஆனால் பல்கலைக்கழகத்தின் உறுப்பினர்கள் அல்லர், பட்டமும் கிடையாது. வுட்ஸ்டாக் சாலையில் ராட்கிளிஃப் மருத்துவமனையும் சோமர்வில்லும் சுவரோடு சுவராக நின்றன. 1915 வசந்தத்தில் போர்த்துறை கல்லூரிக் கட்டடங்களைக் கேட்டு வாங்கியதற்கு இந்த அண்மையே காரணம். இடைச்சுவரில் வழி திறந்தால் போதும், காயமுற்ற வீரர்களுக்கான கூடுதல் வார்டுகள் தயார். கவிஞர்கள் ராபர்ட் கிரேவ்ஸும் சீக்ஃப்ரீட் சசூனும் இங்கேதான் படுத்துக் குணமடைந்தார்கள். மாணவியரை ஓரியல் கல்லூரியின் செயின்ட் மேரி ஹால் முற்றத்துக்கு மாற்றினார்கள். ஓரியலின் மாணவர்களில் பெரும்பாலோர் படையில் இருந்ததால் அறைகள் காலியாகக் கிடந்தன. எஞ்சியிருந்த ஆண்களின் முற்றத்துக்கும் இந்த முற்றத்துக்கும் இடையிலிருந்த நடைவழியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இப்படி நான்கு ஆண்டுகள்.

இந்த இடமாற்றத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு எடைபோட்டாலும் வரவும் செலவும் தெளிவாகப் பிரிகின்றன. வரவு, நகரின் நடுவில் கிடைத்த இடம். சோமர்வில் வடக்கே ஒதுங்கி நின்ற கல்லூரி. ஓரியலிலிருந்தோ பாட்லியன் நூலகமும் ஹை ஸ்ட்ரீட்டும் சில நிமிட நடை. ஒதுக்குப்புறத்திலிருந்து வந்துபோன மாணவியர் பல்கலைக்கழகத்தின் மையத்தில் குடியிருந்தார்கள். செலவு, சொந்த வீடு. மற்றக் கல்லூரிகளுக்கு நூற்றாண்டுகளின் சாசனங்கள் இருந்தன; சோமர்வில்லுக்கு அதன் கட்டடங்களே சாசனம். 1904-இல் திறந்த சொந்த நூலகமும், அங்கே வந்துசேர்ந்த ஜான் ஸ்டுவர்ட் மில்லின் நூல்தொகுதியும் அந்தக் கல்லூரி தனக்குத் தானே ஈட்டிக்கொண்ட தகுதியின் கண்கண்ட சான்றுகள். அவற்றை விட்டு விருந்தாளியாகப் போய் இருப்பது இழப்புத்தான். அந்தச் செங்கல் சுவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓரியல் இடம் கொடுத்தது. இடத்தோடு எல்லையையும் சேர்த்தே கொடுத்தது. இந்த ஏற்பாட்டை நுழைவு என்று எழுதும் வரலாறுகள் பிழையாக எழுதுகின்றன. இது தங்க இடம் தந்தது, அவ்வளவே.

அடுத்து, சான்றுகளின் தகுதி. போர்க்காலச் சோமர்வில் என்றதும் எல்லாரும் கையிலெடுப்பது வேரா பிரிட்டன் 1933-இல் வெளியிட்ட ‘டெஸ்டமென்ட் ஆஃப் யூத்’ என்ற தன்வரலாற்றை. அதன் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஒரு தலைமுறையின் இழப்பைக் கல்விக்கனவின் இழப்பாகவும் எழுதிக்காட்டிய நூல் அது. காதலர் ரோலண்ட் லெய்ட்டன் மெர்ட்டன் கல்லூரிக்கும், தம்பி எட்வர்ட் நியூ காலேஜுக்கும் போயிருக்க வேண்டியவர்கள்; இருவரும் போர்க்களத்தில் முடிந்தார்கள். படிப்பும் போரும் ஒரே குடும்பத்துக்குள் மோதிய விதத்தை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய வேறு ஆவணம் அந்தக் கல்லூரிக்கு இல்லை. ஆனால் கல்லூரியின் போர்க்காலத்துக்குச் சான்றாக வைத்தால் அதில் அடிப்படையான ஒரு குறை இருக்கிறது: ஆசிரியர் அங்கே இல்லை. 1914 அக்டோபரில் சேர்ந்தார், 1915 கோடையோடு செவிலிப் பணிக்குப் போய்விட்டார், திரும்பியது 1919-இல். போர் நடந்தபோது இடம்பெயர்ந்த கல்லூரியில் அவர் கழித்தது ஒரே ஒரு பருவம். மால்ட்டாவிலும் பிரான்சிலும் இராணுவ மருத்துவமனைகளில் நின்ற ஒருவரின் கண்ணுக்குக் கல்லூரி ஒதுங்கிய, குளிர்ந்த, உலகம் அறியாத இடமாகத் தெரிந்தது. அந்தப் பார்வை உண்மையானது, முழுமையானது அன்று.

டொரதி எல். சேயர்ஸின் ‘காடி நைட்’ (1935) இன்னொரு வகைச் சான்று. கற்பனைக் கல்லூரி ஒன்றில் நடக்கும் துப்பறியும் நாவல் என்றாலும், அறிவின் நேர்மையை எந்த உறவுக்காகவும் விட்டுக்கொடுக்கலாகாது என்ற அதன் மையம் சோமர்வில்லின் மதிப்பீடுகளை மிகக் கூர்மையாகப் பதிவுசெய்கிறது. ஆனால் சேயர்ஸும் 1912 முதல் 1915 வரை படித்து, மொழித்துறையில் முதல் வகுப்பு பெற்று வெளியேறியவர். வினிஃப்ரட் ஹோல்ட்பி 1917-இல் சேர்ந்து, ஓராண்டிலேயே பெண்கள் துணைப்படைக்குப் போய், 1919-இல் திரும்பினார். ஆக, கல்லூரியின் போர்க்காலம் பற்றிய நம் மனப்பதிவை உருவாக்கிய எழுத்தாளர்கள் மூவருமே அந்தக் காலத்தின் பெரும்பகுதிக்கு வெளியே இருந்தவர்கள். 1915-இல் சேர்ந்து ஓரியல் முற்றத்திலேயே முழுப் படிப்பையும் முடித்தவர்களில் பின்னாளில் புகழ்பெற்றவர் மார்கரெட் கென்னடி. ‘தி கான்ஸ்டன்ட் நிம்ஃப்’ எழுதியவர். அவருடைய முதல் நூல் நாவல் அன்று. ஐரோப்பிய வரலாற்றைப் பற்றிய ஒரு நூல், 1922-இல் வந்தது. அடைத்த சுவருக்குப் பின்னாலிருந்த கல்வி என்ன தரத்தில் நடந்தது என்பதற்கு இப்படிப்பட்ட வேலைகள்தான் நேர்ச்சான்று. கண்ணீர் இல்லாத சான்று என்பதால் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பாலின் ஆடம்ஸ் 1996-இல் எழுதிய கல்லூரி வரலாறு இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்கிறது. நிறுவனத்தின் உள்ளிருந்து, அதன் ஆவணங்களைக் கொண்டு எழுதியது அதன் பலம். தன் கல்லூரியின் பாதையையே வரலாற்றின் பாதையாகக் காணும் சாய்வு எந்தக் கல்லூரி வரலாற்றுக்கும் உண்டு, இதற்கும் உண்டு. தன்வரலாற்றையும் நிறுவன வரலாற்றையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திப் படிப்பதே சரியான முறை. முன்னது வெளியேறியவர்களின் கணக்கையும், பின்னது தங்கியவர்களின் கணக்கையும் வைத்திருக்கிறது.

இனி நடுவான கேள்வி: படிப்பின் தரத்தைப் போர் மாற்றியதா? இதற்கு விடை எமிலி பென்ரோஸிடம் தொடங்குகிறது. சோமர்வில்லில் படித்து, 1892-இல் ‘கிரேட்ஸ்’ எனப்படும் செவ்வியல் இறுதித் தேர்வில் முதல் வகுப்பு பெற்ற முதல் பெண் அவர். 1907-இல் கல்லூரி முதல்வரானார். அவர் வகுத்த கொள்கை எளிமையானது, கடுமையானது: பட்டம் கிடைக்காவிட்டாலும் பட்டத்துக்கான எல்லாத் தேர்வுகளையும் ஆண்கள் எழுதும் அதே வரிசையில் மாணவியர் எழுத வேண்டும். அதற்குமுன் பெண்கள் தொடக்கநிலைத் தேர்வுகளைத் தவிர்த்துவிட்டு நேரே இறுதித் தேர்வுக்குப் போக முடிந்தது. அந்தக் குறுக்குவழியைப் பென்ரோஸ் மூடினார். தனி நுழைவுத் தேர்வும் கொண்டுவந்தார். எந்தச் சட்டமும் கேட்காத சுமையை, எந்தப் பரிசும் வாக்களிக்காமல், தன் மாணவியர் தோளில் ஏற்றினார்.

இந்தக் கொள்கை தனி மனித அளவில் எப்படி இயங்கியது என்பதற்கு வேரா பிரிட்டனின் முதல் ஆண்டே உதாரணம். ஆங்கில இலக்கியம் படிக்க உதவித்தொகையோடு வந்தவர். ஆனால் ‘ரெஸ்பான்ஷன்ஸ்’ என்ற தகுதித் தேர்வில் கிரேக்கம் கட்டாயம். ஆகவே கிரேக்கம் படித்தார். 1914 டிசம்பரில் அந்தத் தேர்வை முடித்து, அடுத்த கட்டத் தேர்வை 1915 கோடையில் முடித்தார். அந்த மார்ச் மாதக் கடைசியில்தான் லெய்ட்டன் பிரான்சின் பதுங்கு குழிகளுக்குப் போனார். தனக்கு இல்லாத ஒரு பட்டத்துக்குத் தகுதி தேடி, விருப்பமில்லாத ஒரு மொழியின் வினைவடிவங்களை, கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டே மனப்பாடம் செய்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். போர் வந்ததற்காகக் கிரேக்கம் தள்ளுபடி செய்யப்படவில்லை. அந்த விட்டுக்கொடாமை ஒரு பக்கம் ஈரமற்றதாகத் தோன்றும். மறுபக்கம், அதே விட்டுக்கொடாமைதான் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பலனளித்தது.

பென்ரோஸின் கொள்கைக்கும் குறை உண்டு. ஆண்களின் பாடத்திட்டத்தையே அளவுகோலாக ஏற்றுக்கொண்டதால், அந்தப் பாடத்திட்டம் தகுதியானதுதானா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. கட்டாயக் கிரேக்கத்தைப் பல்கலைக்கழகமே 1920-இல் கைவிட்டது. அதாவது, சோமர்வில் மாணவியர் எந்தச் சுவரில் ஏறக் கற்றார்களோ அந்தச் சுவரை அவர்கள் ஏறி முடித்ததும் இடித்துவிட்டார்கள். பெண் கல்விக்கு வேறு பாடத்திட்டம் வேண்டும் என்று வாதிட்டவர்கள் முற்றிலும் தவறானவர்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அவர்கள் வழியில் போயிருந்தால் ‘தரம் வேறு, ஆகவே பட்டமும் வேறு’ என்ற எளிய பதில் எதிர்த்தரப்பின் கையில் இருந்திருக்கும். பென்ரோஸின் வழி கற்பனை வளம் குறைந்தது. வாதத்தில் வெல்ல முடியாதது. அந்தக் காலத்துக்கு இரண்டாவது குணம்தான் தேவைப்பட்டது.

போர்க்காலக் கற்பித்தல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போருக்கு முன் ஏறத்தாழ 3,000 மாணவர்கள் இருந்த பல்கலைக்கழகத்தில் 1918-இல் எஞ்சியவர்கள் சில நூறு பேர். தேர்வு மண்டபமே மருத்துவமனை ஆனது. ஆண் ஆசிரியர்கள் பலர் அரசுத் துறைகளுக்கும் படைக்கும் போனார்கள். விரிவுரைப் பட்டியல்கள் மெலிந்தன. சோமர்வில்லின் செவ்வியல் ஆசிரியர் ஹில்டா லாரிமர் 1917-இல் சலோனிகா போர்முனையில் ஸ்காட்லாந்துப் பெண்கள் மருத்துவமனையில் பணியாளாக வேலை செய்தார். ஹோமர் ஆய்வில் பெயர்பெற்ற ஒருவர் அந்த வேலைக்குப் போனதைத் தியாகமாகப் போற்றலாம், தகுதியின் விரயமாகவும் கருதலாம், இரண்டுக்கும் இடமுண்டு. இவற்றுக்கிடையே வாரக் கட்டுரையும் ட்யூட்டரின் முன்னால் அதை வாசித்துக் காப்பாற்றுவதும் நிற்கவில்லை. போரின்போது ஆக்ஸ்ஃபோர்டின் கல்வி வாழ்வு தடைபடாமல் நடந்த இடங்கள் பெண்கள் கல்லூரிகளே. இதை வரலாறுகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. பல்கலைக்கழகம் என்ற நிறுவனம் நான்கு ஆண்டுகள் தன் அன்றாடப் பணியைச் செய்துகொண்டிருந்ததாகச் சொல்ல முடிந்தால், அதற்கு அதன் உறுப்பினர்களே அல்லாத பெண்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

தங்கியவர்களா போனவர்களா, யார் சரி என்ற வழக்கு அன்றே நடந்தது. 1919-இல் திரும்பி வந்த பிரிட்டன் கல்லூரி விவாத மன்றத்தில், பயணமும் அனுபவமும் பல்கலைக்கழகப் படிப்பைவிடச் சிறந்த கல்வி என்ற பக்கம் பேசினார். எதிர்ப்பக்கம் பேசியவர் ஹோல்ட்பி. அவரும் போர்ப்பணி செய்தவர்.  மன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் திரண்டது. தன் நான்கு ஆண்டுத் துயரமும் கேலிக்கு உள்ளானதாக அவர் உணர்ந்தார். பின்னாளில் அந்த இருவரிடையே உருவான நட்பு இலக்கிய வரலாறு அறிந்தது. பிரிட்டனின் வலியை மதிக்கிறேன். ஆனாலும் அந்த மாணவியரை இரக்கமற்றவர்கள் என்று தீர்ப்பெழுத முடியாது. உணவுப் பங்கீட்டிலும் நிலக்கரித் தட்டுப்பாட்டிலும் இன்புளுயென்சாவிலும் புத்தகத்தை மூடாமல் இருந்தவர்களிடம், படிப்பு இரண்டாம்தரக் கல்வி என்று சொல்லி ஒப்புதல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அனுபவத்தைத் தகுதியாக்கும் வாதத்தை எந்தக் கல்லூரியும் முழுமையாக ஏற்க முடியாது. ஏற்றால் கல்லூரியாக இருக்க முடியாது. பல்கலைக்கழகம் திரும்பி வந்த ஆண் வீரர்களுக்குத் தொடக்கத் தேர்வு விலக்கும் குறுகிய படிப்பும் அளித்ததை நினைத்தால், அளவுகோலை நேராகப் பிடித்தது மாணவியரின் அந்த மன்றம்தான்.

இப்போது காரண-காரியக் கேள்விக்கு வருவோம். போர்தான் பட்டம் தந்தது என்பவர்களுக்கு நான் வைக்கும் முதல் எதிர்ச்சான்று கேம்பிரிட்ஜ். அதே போர்; அதே அளவுக்கு வெறிச்சோடிய கல்லூரிகள்; கிர்ட்டன், நியூன்ஹம் என்ற இரண்டு சிறந்த பெண்கள் கல்லூரிகள், இரண்டும் சோமர்வில்லைவிட மூத்தவை. அங்கே 1920 டிசம்பரில் பெண்களுக்கு உறுப்புரிமை தரும் முன்மொழிவு தோற்றது. 1921 அக்டோபரில் பெயரளவிலான பட்டம் மட்டும் போதும் என்று வாக்களித்தார்கள். அந்த வெற்றியைக் கொண்டாடிய மாணவர் கூட்டம் நியூன்ஹம்மின் வெண்கல வாயிற்கதவைக் கைவண்டியால் மோதி உடைத்தது. முழுப் பட்டம் வர 1948 ஆனது. ஒரே போர் ஓரிடத்தில் பட்டத்தையும் இன்னோரிடத்தில் உடைந்த கதவையும் தந்திருக்கிறது என்றால், வேறுபாட்டுக்கான காரணத்தைப் போருக்கு வெளியே தேடியாக வேண்டும்.

கூர்மையான வாசகர் இங்கே ஒரு மறுப்பு எழுப்புவார். ஆண்களுக்கு நிகரான தேர்வு என்ற கொள்கையை நிறுவனர் எமிலி டேவிஸ் காலத்திலிருந்தே கிர்ட்டனும் வைத்திருந்ததே, அங்கே ஏன் பலிக்கவில்லை? நியாயமான மறுப்பு. தரம் மட்டும் போதாது என்பதே அதன் பொருள். ஆக்ஸ்ஃபோர்டில் கூடுதலாக இருந்தது அமைப்பு. 1909-இல் பல்கலைக்கழக வேந்தர் கர்சன் பிரபு, பெண்களுக்குப் பட்டம் தரலாம் என்று தன் சீர்திருத்த அறிக்கையில் எழுதினார். பெண்களின் வாக்குரிமையை முன்னின்று எதிர்த்த அதே கர்சன். 1910-இல் பெண் மாணவருக்கென ஒரு குழுவைப் பல்கலைக்கழகமே அமைத்து, பெண்கள் கல்லூரிகளைத் தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது. அப்போதே மாணவியர் பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள். குறைவாய் இருந்தது பட்டமும் உறுப்புரிமையும். முழுவதும் வெளியே நிற்பவரை உள்ளே அழைப்பதைவிட, வாயிற்படியில் நிற்பவரை அழைப்பது எளிது. போர் வெடிப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டு அந்தப் படி வரை வந்துவிட்டது, கேம்பிரிட்ஜ் வரவில்லை.

அப்படியானால் போருக்குப் பங்கே இல்லையா? உண்டு, அதைக் குறைத்துச் சொல்வதும் பிழை. 1919 டிசம்பரில் வந்த, பால் அடிப்படையிலான தகுதித்தடைகளை நீக்கும் சட்டம், சாசனமோ விதியோ பெண்களைச் சேர்ப்பதற்குக் குறுக்கே நிற்கிறது என்ற பழைய சாக்கைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து பறித்தது. போர் இல்லாமல் அந்தச் சட்டம் அவ்வளவு விரைவில் வந்திராது. கட்டண வருமானம் வற்றிய ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதல்முறையாக அரசின் பணத்தைக் கேட்டு நின்றன. அதன் விளைவாக அஸ்குவித் தலைமையில் அரச ஆணையம் வந்தது, பென்ரோஸும் அதில் உறுப்பினர். ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த அயல்நாட்டு ஆய்வாளர்களை ஈர்க்க 1917-இல் டி.ஃபில். பட்டத்தை ஆக்ஸ்ஃபோர்டு ஏற்படுத்தியது. இவை மெய்யான மாற்றங்கள். ஆனால் இவற்றில் எதுவும் பெண்களைச் சேர்க்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் அனுமதித்தது, ஆணையிடவில்லை. ஆணையத்தின் பார்வைக்குக் கீழே இருந்துகொண்டேதான் கேம்பிரிட்ஜ் மறுத்தது. போர் காலத்தைச் சுருக்கியது என்பேன். காரணம் முன்பே தயாராக இருந்த இடத்தில்தான் அந்தச் சுருக்கம் பயன்பட்டது.

போர் மனப்பான்மையை மாற்றிவிட்டது என்ற வாதத்துக்கு ஓரியலின் கடைசிக் காட்சியே பதில். 1919 ஜூனில், படையிலிருந்து திரும்பிய மாணவர்கள் கொண்டாட்டம் ஒன்றுக்குப் பிறகு கடப்பாரை எடுத்து அந்தச் செங்கல் சுவரில் ஓட்டை போட்டார்கள். பென்ரோஸும் ஆசிரியைகளும் முறைபோட்டு இரவு முழுவதும் ஓட்டையருகே காவல் இருந்தார்கள். இதை இளமைக் குறும்பாக எழுதிக் கடப்பது வழக்கம். எனக்கு அது அவ்வளவு இலேசாகத் தெரியவில்லை. கிரேட்ஸில் முதல் வகுப்பு பெற்றவர், ஒரு கல்லூரியின் தலைவர், அதே ஆண்டில் அரச ஆணையத்தில் அமரவிருந்தவர், அறுபது வயதைக் கடந்தவர், நாற்காலி போட்டுச் சுவரோட்டையைக் காத்துக் கிடந்தார். நாட்டின் நன்றியுணர்ச்சி பல்கலைக்கழகத்துக்குள் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதை அந்த இரவைக்கொண்டு அளக்கலாம்.

1920 அக்டோபர் 14 அன்று ஷெல்டோனியன் அரங்கில் முதல் பட்டமளிப்பு நடந்தது. பெண்கள் கல்லூரித் தலைவர்கள் பட்டம் பெற்றார்கள். சேயர்ஸ் ஐந்தாண்டுக்கு முந்திய தன் முதல் வகுப்புக்கான பட்டத்தை வாங்கினார். பென்ரோஸின் கடுமை இந்த நாளில்தான் கணக்குத் தீர்த்தது. தொடக்கத் தேர்விலிருந்து இறுதித் தேர்வு வரை எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்த சோமர்வில் மாணவியர் காத்திருக்கவே தேவையிருக்கவில்லை. தொடக்கத் தேர்வுகளைத் தவிர்த்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. 1892-இலேயே சட்டப் படிப்பின் பி.சி.எல். தேர்வை எழுதிய சோமர்வில் மாணவி கார்னீலியா சொராப்ஜி, தன் பட்டத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்து இந்தியாவிலிருந்து திரும்பிப் போக வேண்டியிருந்தது. அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கப்பலேறுவதற்கு முன்பே கல்கத்தாப் பல்கலைக்கழகம் காதம்பினி, சந்திரமுகி என்ற இரண்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கிவிட்டிருந்தது என்பதையும் இங்கே நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கல்வியின் உள்ளடக்கத்தில் போர் பதித்த தடம் ஒன்று உண்டு. அதைப் பட்ட விவகாரத்தின் இரைச்சலில் தவறவிடக் கூடாது. திரும்பி வந்த பிரிட்டன் ஆங்கிலத்தை விட்டு வரலாற்றுக்கு மாறினார். இந்தப் பேரழிவு எப்படி நேர்ந்தது, அடுத்ததை எப்படித் தடுப்பது என்று தெரிந்துகொள்ளவே மாறினார். ஹோல்ட்பியும் வரலாறே படித்தார். இருவரும் 1921-இல் இரண்டாம் வகுப்பில் தேறினார்கள். தேர்வுத் தாள்களின் அளவுகோலில் அது சராசரிக்குச் சற்று மேல். ஆனால் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் காரணமே மாறியிருக்கிறது என்பது அந்த வகுப்பெண்ணில் தெரியாது. இந்த இருவர் பிறகு சர்வதேச சங்கத்துக்காக மேடைமேடையாகப் பேசியது அந்த வரலாற்றுப் படிப்பின் தொடர்ச்சிதான். இது இரண்டு பேரின் சான்று. ஒரு தலைமுறைக்கே பொருத்திச் சொல்ல இது போதாது. ஆயினும் போர் ஒரு கல்லூரியின் கல்வியை மெய்யாகவே மாற்றிய இடம் எது என்று கேட்டால், விதிமாற்றங்களுக்கு முன்பாக இதைத்தான் காட்டுவேன்.

ஆக, என் தீர்ப்பு இது. போர்க்காலச் சோமர்வில்லின் சாதனை, படிப்பின் தரத்தை உயர்த்தியதில் இல்லை. எல்லாமே சரிந்தபோது அதைச் சரியவிடாமல் வைத்திருந்ததில் இருக்கிறது. அந்தச் சாதனைக்கு உரியவர்கள் தன்வரலாறு எழுதாமல் படிப்பை முடித்துப் பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கலைந்துபோன மாணவியரும், போருக்கு ஏழாண்டுகள் முன்பே அவர்களுக்குரிய அளவுகோலை நட்டுவைத்த ஒரு முதல்வரும். 1920-ஐப் போரின் பரிசாகக் காட்டும் வரலாறு இவர்களுடைய உழைப்பை எடுத்து ஒரு பேரழிவின் கணக்கில் வரவு வைக்கிறது.

அந்தப் பரிசுக் கதையை நம்புகிறவர்கள் விளக்க வேண்டிய இன்னோர் ஆண்டும் இருக்கிறது. 1927-இல், பெண்கள் மிகுந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், ஆக்ஸ்ஃபோர்டு அவர்களின் எண்ணிக்கைக்கு விதி போட்டு உச்சவரம்பு கட்டியது. அந்த வரம்பு 1957 வரை நீடித்தது. பெண்கள் கல்லூரிகளை முழுத் தகுதியுள்ள கல்லூரிகளாக ஏற்க 1959 ஆயிற்று. நன்றிக்கடனாகவே பட்டம் தந்ததாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம், ஏழே ஆண்டுகளில் ஏன் ஆட்களை எண்ணத் தொடங்கியது?